கஞ்சா வேதியியல் படிக்கப் போகிறவர்கள் முதலில் ஆய்வகத்தைப் பார்த்துவிடுங்கள்

கஞ்சா வேதியியல் இன்று பட்டப்படிப்பாகவே வந்துவிட்டது. அமெரிக்காவில் நார்தர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகம் 2017இல் ‘மருத்துவத் தாவர வேதியியல்’ என்ற பெயரில் நான்காண்டுப் படிப்பைத் தொடங்கியது. லேக் சுப்பீரியர் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2019இல் கஞ்சா வேதியியல் என்றே பெயர் வைத்துத் தொடங்கியது. இதைக் கேட்டுச் சிரிப்பவர்களும் உண்டு, பசுமைக்குடில் படத்தைப் பார்த்து மயங்கிச் சேர்பவர்களும் உண்டு. இரு தரப்பும் இந்தப் படிப்பைத் தவறாகவே புரிந்துகொண்டிருக்கிறது. இது அடிப்படையில் பகுப்பாய்வு வேதியியல். தராசும் பிப்பெட்டும், கலவையைக் கூறுகளாகப் பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராபி கருவியும்தான் இதில் முக்கால்வாசி. செடி ஒரு ஓரமாக வரும்.

பாடத்திட்டத்தில் கரிம வேதியியல், கருவிப் பகுப்பாய்வு, புள்ளியியல் மூன்றும் குறைவில்லாமல் இருந்தால் தாராளமாகச் சேருங்கள். அந்த மூன்றையும் சுருக்கிவிட்டு ‘தொழில் அறிமுகம்’, ‘சந்தைப் போக்கு’ என்று நிரப்பியிருந்தால் வேண்டவே வேண்டாம். சாதாரண வேதியியல் பட்டமே மேல். இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் கஞ்சாவின் மூலக்கூறுகளிலேயே இருக்கிறது.

பச்சைச் செடியில், போதை தரும் பொருளான டிஎச்சி மிகக் குறைவு. செடி உண்டாக்குவது டிஎச்சிஏ என்ற அமிலத்தை. சூடு பட்டால் அது ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறை இழந்து டிஎச்சி ஆகிறது. டிஎச்சிஏவின் மூலக்கூறு எடை 358.5, டிஎச்சியினுடையது 314.5. பின்னதை முன்னதால் வகுத்தால் 0.877 வரும். ‘மொத்த டிஎச்சி’ என்று அறிக்கையில் எழுதும் எண் இந்தக் காரணியால்தான் கிடைக்கிறது. ஒரு சாம்பிளில் டிஎச்சிஏ 22.0%, டிஎச்சி 0.8% என்று வைத்துக்கொள்வோம். 22.0ஐ 0.877ஆல் பெருக்கி 0.8ஐக் கூட்டினால் 20.1%. இரண்டையும் நேராகக் கூட்டி 22.8% என்று எழுதினால் பறந்துபோன வாயுவையும் சேர்த்துக் கணக்குக் காட்டியதாக ஆகும். இதோடு ஈரப்பதமும் இருக்கிறது. அதே சாம்பிளில் 10% ஈரம் இருந்தால், உலர் எடைக் கணக்கில் 20.1 என்பது 22.3 ஆகிவிடும். எந்த எடையை வைத்துக் கணக்கிட்டது என்று சொல்லாத சதவீதத்தை நம்பக் கூடாது.

எந்தக் கருவியில் அளப்பது என்பதையும் இந்த அமிலமே முடிவு செய்கிறது. ஜிசி என்ற வாயு குரோமட்டோகிராபி கருவியின் செலுத்துமுனை 250 டிகிரி செல்சியஸுக்கு மேலும் சூடாக இருக்கும். டிஎச்சிஏ அங்கேயே சிதைந்துவிடும், அதுவும் முழுமையாகச் சிதையாது. கண்ணாடி லைனரின் தூய்மை, வெப்பநிலை, கரைசலின் செறிவு ஒவ்வொன்றுக்கும் ஏற்ப விளைச்சல் மாறும். வாசனைப் பொருள்களான டெர்ப்பீன்களுக்கு ஜிசி சரி. டிஎச்சி, டிஎச்சிஏ போன்ற கன்னாபினாய்டுகளுக்கு எச்பிஎல்சி என்ற திரவ குரோமட்டோகிராபிதான் பொருந்தும். சாம்பிளில் வேதி மாற்றம் செய்து ஜிசியில் போடும் பழைய முறையிலும் ஒரு பொறி உண்டு. டிரைபுளூரோஅசெட்டிக் அன்ஹைட்ரைடு போன்ற அமிலத்தன்மையுள்ள வினைபொருளைப் பயன்படுத்தினால் சிபிடி என்ற மற்றொரு கன்னாபினாய்டின் ஒரு பகுதி வளையம் மூடி டிஎச்சி ஆகிவிடும். இல்லாத டிஎச்சி அறிக்கையில் தோன்றும். ஒருவருடைய வழக்கு அந்த எண்ணைச் சார்ந்து இருக்கலாம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

கருவிக்குப் போகும் முன்பே பெரும்பாலான பிழைகள் நடந்து முடிந்துவிடுகின்றன. கன்னாபினாய்டுகள் பூவின் மேலிருக்கும் சுரப்பி மயிர்களில் குவிந்திருக்கும். சாதாரண வெப்பநிலையில் பூவை அரைத்தால் பிசின் இளகி அரவைக் கருவியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், சாம்பிள் ஏழையாகும். நன்றாகக் காய்ந்த பூவைக் குலுக்கினால் அந்த மயிர்கள் உதிர்ந்து அடியில் தங்கும். அடியில் இருந்து அள்ளினால் எண் ஏறும், மேலிருந்து அள்ளினால் இறங்கும். அதனால்தான் திரவ நைட்ரஜனில் உறையவைத்து அரைத்து, சுவரில் ஒட்டியதையும் வழித்துச் சேர்த்து, நன்றாகக் கலந்த பிறகு எடை போட வேண்டும். ஒரே பொடியிலிருந்து மூன்று தனித்தனி எடைகள் எடுத்துப் பாருங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று விலகி நின்றால் கோளாறு அரவையில். கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை.

எடை போட்ட பிறகு 200 மில்லிகிராம் பொடிக்கு 20 மில்லிலிட்டர் மெத்தனால் அல்லது எத்தனால் சேர்த்து, 15 நிமிடம் அல்ட்ராசோனிக் தொட்டியில் வைத்து, இடையிடையே குலுக்குவது ஒரு வழக்கமான முறை. தொட்டி நீர் தானாகவே சூடேறும் என்பதால் பனிக்கட்டி போட்டுக்கொள்வது நல்லது. 20% டிஎச்சிஏ உள்ள பூ என்றால் கரைசலில் மில்லிலிட்டருக்கு 2,000 மைக்ரோகிராம் இருக்கும். அளவு தெரிந்த கரைசல்களை வைத்துப் போடும் காலிபரேஷன் கோடு 100 மைக்ரோகிராமோடு முடிந்தால் இதை 50 மடங்கு நீர்க்க வேண்டும், அப்போது 40இல் வந்து விழும். ஆனால் டிஎச்சி மிகக் குறைந்த கஞ்சா வகையான ஹெம்ப் சாம்பிளில் 0.3% டிஎச்சியைத் தேடும்போது அதே கரைசலில் 30 மைக்ரோகிராம்தான் இருக்கும். 50 மடங்கு நீர்த்தால் 0.6 ஆகி, கோட்டின் அடிமட்டத்தில் தத்தளிக்கும். எனவே அதிகமாக இருப்பதற்கு ஒன்று, குறைவாக இருப்பதற்கு ஒன்று என்று இரண்டு நீர்ப்புகள் வேண்டும். நேரத்தை மிச்சம் பிடிக்க ஒன்றோடு நிறுத்துபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். மீந்த சக்கையை ஒருமுறை மறுபடி பிரித்தெடுத்துப் பார்க்கவும் மறக்காதீர்கள். அதில் கணிசமாக ஏதாவது வந்தால் முதல் பிரித்தெடுப்பு போதவில்லை என்று பொருள்.

எச்பிஎல்சி பிரிப்பில் சி18 என்ற வகைப் பிரிப்புக் குழல், நீர்-அசிட்டோநைட்ரைல் கலவை, 0.1% பார்மிக் அமிலம், 228 நானோமீட்டர் அருகே புற ஊதா ஒளி. பாடப்புத்தகத்தில் இது ஒரே வரி. நடைமுறையில் சிபிடியும் சிபிஜி என்ற இன்னொரு கன்னாபினாய்டும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வரும், டிஎச்சியின் இரு வடிவங்களான டெல்டா-9ம் டெல்டா-8ம் அப்படியே. சிபிடி, டெல்டா-9, டெல்டா-8, சிபிசி என்ற கன்னாபினாய்டுகள் நான்குக்கும் ஒரே மூலக்கூறு வாய்பாடு, ஒரே எடை. மூலக்கூறை எடையால் இனம்காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கிறதே என்று தைரியமாக இருந்துவிட முடியாது. குழலில் பிரியாவிட்டால் பிரிந்ததாகக் கொள்ள வழியில்லை. கரைப்பானின் பிஎச் சற்று நகர்ந்தாலும் அமில வடிவங்களின் பீக்குகள், அதாவது வரைபடத்தில் எழும் முகடுகள், இடம்பெயரும், நடுநிலையானவை அசையாது. நேற்று வந்த நேரத்தில் இன்று டிஎச்சிஏ வரவில்லை என்றால் முதலில் கரைப்பான் பாட்டிலைப் பாருங்கள். ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் ஸ்டாண்டர்டு கரைசல்களை உறைபதத்தில், இருட்டில் வைக்க வேண்டும். டிஎச்சி காற்றும் வெளிச்சமும் பட்டுச் சிபிஎன் என்ற வேறு சேர்மம் ஆகும். ஸ்டாண்டர்டு கெட்டுப்போனால் சாம்பிள்கள் எல்லாம் வீரியம் கூடியதுபோலத் தெரியும்.

கஞ்சாவைக் கையாள அனுமதி இல்லாத பல்கலைக்கழகத்தில் இதையெல்லாம் எப்படிப் படிப்பது என்ற கேள்வி நியாயமானது. இதற்கு ஹாப்ஸ் என்ற அருமையான மாற்று இருக்கிறது. பீருக்குக் கசப்புத் தரும் அதே ஹாப்ஸ்தான். கஞ்சாவும் ஹாப்ஸும் ஒரே தாவரக் குடும்பம். இரண்டிலும் பிசின் சுரப்பிகள், இரண்டிலும் மைர்சீன், ஹியூமுலீன், கேரியோபிலீன். கஞ்சாவில் கன்னாபினாய்டு அமிலங்கள் என்றால் ஹாப்ஸில் ஆல்பா அமிலங்கள். அவையும் சூட்டில் உருமாறும், காற்றில் கெடும், எச்பிஎல்சியில் அளக்க வேண்டும். அரவைச் சிக்கல், நீர்ப்புச் சிக்கல், பீக் உரசல் அத்தனையையும் சட்டச் சிக்கல் ஏதுமின்றிக் கையால் செய்து பழகலாம். ஹாப்ஸில் மூன்று பருவம் உழைத்த மாணவர், பூவைத் தொட்டுப் பார்த்ததை மட்டுமே பயிற்சியாகச் சொல்லும் மாணவரைவிட எந்த ஆய்வகத்திலும் மேலாக நிற்பார்.

வரலாற்றையும் பாடத்தில் விட்டுவிடக் கூடாது. அபினியிலிருந்து மார்பின் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரித்தெடுக்கப்பட்டது. டிஎச்சியைத் தூய நிலையில் பிரித்து அமைப்பைச் சொல்ல 1964 வரை ஆனது, இஸ்ரேலிய வேதியியலாளர்கள் கவோனியும் மெக்கூலமும் செய்தார்கள். மார்பினில் நைட்ரஜன் இருக்கிறது, அமிலத்தோடு உப்பாகிப் படிகமாக வெளியே வரும். டிஎச்சியில் நைட்ரஜன் இல்லை, அது படிகமாக மறுக்கும் பிசுபிசுப்பு எண்ணெய். குரோமட்டோகிராபி வளரும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மூளையில் டிஎச்சி ஒட்டும் ஏற்பி 1988இல்தான் உறுதியானது. அந்த ஏற்பியில் ஒட்ட உடலே சுரக்கும் பொருள் 1992இல் கிடைத்தபோது அதற்கு ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள், நமக்குத் தெரிந்த ஆனந்தம்தான்.

இந்தத் துறையின் பெரிய நோய் எண்ணை ஏற்றுவது. டிஎச்சி அதிகம் என்றால் விலை அதிகம். சாம்பிள் தருபவரே ஆய்வகத்துக்கும் கட்டணம் தருகிறார். உயர்ந்த எண் தரும் இடத்தைத் தேடிப் போகிறார். சாம்பிளின் மேல் உதிர்ந்த சுரப்பிப் பொடியைத் தூவி அனுப்புவதும் நடக்கிறது. மறுபக்கம் ஹெம்ப் விவசாயி 0.3% என்ற கோட்டுக்கு நடுங்குகிறார். 1976இல் தாவரவியலாளர்கள் ஸ்மாலும் குரோன்கிஸ்டும் தாவர வகைப்பாட்டுக்காகப் போட்ட கோடு அது. 2018இல் அமெரிக்க விவசாயச் சட்டம் அதையே ஹெம்புக்கான வரம்பாக நாடு முழுவதற்கும் வைத்தது. 0.31 வந்தால் பயிரை அழிப்பதா? அளவீட்டின் நிச்சயமின்மை எவ்வளவு என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்லவே முடியாது. புள்ளியியல் கட்டாயம் என்று மேலே சொன்னதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

2019இல் அமெரிக்காவில் வேப் என்ற மின்-சிகரெட் பிடித்தவர்களின் நுரையீரல் பழுதடைந்ததை மறக்க முடியாது. 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் பாதிக்கப்பட்டார்கள், 68 பேர் இறந்தார்கள். நுரையீரல் கழுவிய நீரைச் சோதித்த 51 நோயாளிகளில் 48 பேரிடம் வைட்டமின் ஈ அசிடேட் இருந்தது. வேப்பில் ஊற்றும் கஞ்சா எண்ணெயைக் கெட்டியாகக் காட்டச் சேர்த்த பொருள் அது. கன்னாபினாய்டுகளை மட்டும் அளக்கும் முறையின் கண்ணில் அது படாது. எதைத் தேடுகிறோமோ அதுதான் கிடைக்கும். மைக்ளோபியூட்டானில் என்ற பூஞ்சைக்கொல்லியும் அப்படித்தான், சூட்டில் சிதைந்தால் ஹைட்ரஜன் சயனைடு தரும். பூச்சிக்கொல்லி, கன உலோகம், பூஞ்சை நச்சு ஆகியவற்றை ஒரு வாரப் பாடமாக ஒதுக்கும் பாடத்திட்டத்தைக் கண்டால் கோபம்தான் வருகிறது.

ஆகவே சேரும் முன் துறைக்கு நேரில் போய்க் கேளுங்கள். எச்பிஎல்சியை மாணவர் தாமே இயக்குவாரா, ஆசிரியர் இயக்குவதைப் பார்த்துக் குறிப்பெடுப்பாரா? ஒரு கருவிக்கு எத்தனை மாணவர்கள்? காலிபரேஷன் கோட்டை மாணவரே போடுகிறாரா? அளவு மறைத்த சாம்பிளைக் கொடுத்துச் சோதிக்கிறார்களா? அப்படிச் சோதித்தால், போன ஆண்டு மாணவர்களின் விடைகள் உண்மை அளவிலிருந்து எவ்வளவு விலகின என்ற பதிவைக் காட்டச் சொல்லுங்கள்.