சான்றிதழ் உங்கள் வேலை, விருப்பப் பட்டியல் பிள்ளையின் வேலை

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே பல வீடுகளில் வேலைப் பங்கீடு தானாக நடந்துவிடுகிறது. எந்த கோர்ஸ், எந்த காலேஜ் என்பதை அப்பாவும் மாமாவும் ஐ.டி.யில் இருக்கிற பக்கத்து வீட்டு அண்ணனும் பேசி முடிப்பார்கள். சாதிச் சான்றிதழ் எங்கே இருக்கிறது, விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்ன, பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் பிள்ளையின் தலையில் விழும். இல்லையென்றால் பிரவுசிங் சென்டர்காரர் தலையில். என்னைக் கேட்டால் இது அப்படியே தலைகீழ். காகிதமும் காசும் பெற்றோர் பார்க்க வேண்டியவை. எந்த காலேஜ், எந்த கோர்ஸ் என்கிற விருப்பப் பட்டியலை, நான்கு வருடம் உட்கார்ந்து படிக்கப் போகிறவர்தான் போட வேண்டும்.

தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வை வைத்தே சொல்கிறேன். ரிசல்ட் மே மாதம் வருகிறது. தரவரிசைப் பட்டியல் ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ வரும். வகுப்பு தொடங்க ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிவிடும். நடுவில் உள்ள மூன்று மாதத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தான் எங்கே போகப் போகிறோம் என்று தெரியாமல் காத்திருக்கிறார்கள். பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "என்னப்பா, எங்க சேர்ந்திருக்க?"

முதலில் காகிதம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும் ஆதாரையும் சாதிச் சான்றிதழையும் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஒன்றில் இனிஷியல் மட்டும் இருக்கும், ஒன்றில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், இன்னொன்றில் ஆங்கிலத்தில் ஒரு 'எச்' கூடுதலாக இருக்கும். விண்ணப்பிக்கும்போது இது யார் கண்ணிலும் படாமல் போகலாம். உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு வர வேண்டிய நேரத்தில்தான் வேலையைக் காட்டும். எதை மாற்றுவது என்று குழம்ப வேண்டாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழைத் திருத்துவதுதான் பெரும்பாடு; பள்ளி வழியாகத் தேர்வுத்துறை வரை போக வேண்டும். அதை அடிப்படையாக வைத்துக்கொண்டு ஆதாரை அதற்கேற்ப மாற்றிவிடுங்கள்.

வருமானம், முதல் பட்டதாரி, இருப்பிடம் எல்லாமே இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கிறவைதான். ஆனால் விஏஓ, ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் அலுவலகம் என்று ஒவ்வொரு மேஜையாக நகர வேண்டும். மே மாதம் ஊரே அங்கே நிற்கும். பிப்ரவரி, மார்ச்சிலேயே போட்டுவிட்டால் பாதி டென்ஷன் குறையும். எஸ்.டி. சான்றிதழ் கோட்டாட்சியர் மட்டத்தில் தருவது, மாதக்கணக்கில் இழுக்கும். பிள்ளை பிளஸ் ஒன் படிக்கும்போதே வாங்கி வையுங்கள். எட்டாவது முதல் பன்னிரண்டாவதுக்குள் ஏதாவது ஒரு வருடம் வெளிமாநிலத்தில் படித்திருந்தால் இருப்பிடச் சான்றிதழ் கேட்பார்கள்.

அடிக்கடி நடக்கிற குளறுபடி இன்னொன்று. மாநில அரசு தந்த பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று மத்திய அரசுக் கல்வி நிறுவனங்களான என்.ஐ.டி., ஐ.ஐ.டி. கலந்தாய்வுக்கும் அதையே கொண்டுபோவது. அங்கே மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும், அதுவும் அந்த நிதியாண்டில், ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். மாநிலப் பட்டியலில் பி.சி.யாக இருக்கிற எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இல்லை என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

முதல் பட்டதாரி சான்றிதழை "அதெல்லாம் எதுக்கு" என்று விடுகிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. அப்பா, அம்மா, இரு பக்கத்துத் தாத்தா பாட்டி, அண்ணன், அக்கா என்று குடும்பத்தில் யாரும் பட்டம் பெறாமல் இருந்தால்தான் கிடைக்கும். வீட்டில் ஒருவருக்குத்தான் சலுகை. தனியார் கல்லூரி டியூஷன் கட்டணத்தில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் அளவுக்குக் குறையும், நான்கு வருடத்துக்கு 1 லட்சம் வாக்கில் வரும். 60 ரூபாய் காகிதத்துக்கு இது போதாதா? ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைக்கு 2021 முதல் பொறியியலிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. டியூஷன், ஹாஸ்டல் செலவை அரசே ஏற்கிறது. அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. நடுவில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் படித்ததற்கான சான்றை இப்போதே சேர்த்து வையுங்கள்.

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். இந்த இரண்டு சலுகையும் கலந்தாய்வு வழியாக வாங்கும் சீட்டுக்குத்தான். ரிசல்ட் வருவதற்கு முன்பே பயத்தில் ஓடிப்போய், கல்லூரியே நேரடியாக நிரப்புகிற மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட்டு போட்டுவிட்டால் இரண்டும் போச்சு. சிறுபான்மை அல்லாத தனியார் கல்லூரிகள் 65 சதவீத இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீத இடங்களையும் கலந்தாய்வுக்குத் தர வேண்டும். அட்மிஷன் ஆபீஸில் "இன்னைக்குத்தான் கடைசி, நாளைக்கு சீட்டு இருக்காது" என்று சொல்லப்படும் அதே காலேஜ், அதே கோர்ஸ், ஜூலையில் கலந்தாய்வில் காலியாகக் கிடப்பது ஒன்றும் அதிசயமில்லை. அவசரத்தில் பணம் கட்டிவிட்டாலும், வகுப்பு தொடங்கும் முன் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும், அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது, தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி. நடைமுறையில் நாலு தடவை நடக்கவிடுவார்கள். அதனால் அசல் டிசி-யைக் கொடுப்பதற்கு முன் நல்ல ஸ்கேனும் பத்து செட் ஜெராக்ஸும் எடுத்துக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள்.

விண்ணப்பத்தில் கொடுக்கிற செல்போன் எண் வீட்டு எண்ணாக இருக்கட்டும். ஜூலை மாதம் ஓடிபி-க்காகப் பிரவுசிங் சென்டர் வாசலில் நிற்கும் குடும்பங்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கின்றன. சென்டர்காரர் ஒரே நாளில் நாற்பது பேருக்குத் தன் எண்ணைப் போட்டு விண்ணப்பித்தவர். உங்கள் பாஸ்வேர்டு எந்தத் துண்டுச் சீட்டில் இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது.

அடுத்து காசு. பிள்ளையிடம் பணத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று நினைப்பது பாசம்தான், ஆனால் அதுதான் குழப்பத்தின் வேர். "நீ படி, நாங்க பாத்துக்கறோம்" என்று மே மாதம் சொல்லிவிட்டு, ஜூலையில் ஒதுக்கீட்டு ஆணை வந்தபிறகு "அவ்வளவு முடியாதுடா" என்றால் அந்தப் பிள்ளை மறுபடி எதை நம்பும்? ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். 2017-ல் கட்டணக் குழு வைத்த கணக்குப்படி கலந்தாய்வு சீட்டுக்கு டியூஷன் 50,000 ரூபாய், அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. இதை நம்பிப் போனால் பஸ், ஹாஸ்டல், மெஸ், தேர்வுக் கட்டணம், யூனிஃபார்ம், 'பிளேஸ்மென்ட் டிரெயினிங்' என்று தனித்தனி ரசீது வரும். ஹாஸ்டலும் மெஸ்ஸும் 80,000 என்று வைத்துக்கொண்டால், 55,000-த்தோடு சேர்த்து வருடத்துக்கு 1,35,000. நான்கு வருடத்துக்கு 5,40,000. லேப்டாப் இன்னும் வாங்கவில்லை. வருடத்துக்கு இவ்வளவுதான் நம்மால் முடியும் என்ற எண் பிள்ளைக்குத் தெரிந்தால் பட்டியல் தானாகப் பாதியாகச் சுருங்கும். கடன் வாங்குவதென்றால் வங்கி 4 லட்சம் வரை பொதுவாக ஜாமீன் சொத்து கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கடன் பிள்ளையின் பெயரிலும் ஏறுகிறது என்பதை மறைக்காதீர்கள்.

இனி பட்டியல். ரேங்க் போடுவதற்கு எடுக்கிற மார்க்தான் கட் ஆஃப். அது 200-க்கு: கணிதம் 100, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. கணிதம் 84, இயற்பியல் 78, வேதியியல் 80 என்றால் 84+39+40, ஆக 163. மறுகூட்டலுக்குப் போகலாமா என்று யோசிக்கும்போதும் இதே கணக்கு. கணிதத்தில் 4 மார்க் ஏறினால் கட் ஆஃபில் 4 ஏறும், இயற்பியலில் ஏறினால் 2 தான். முதலில் விடைத்தாள் நகல் வாங்க வேண்டும். அதற்குச் சில நாள்தான் தருவார்கள். நடு ரேங்கில் அரை மார்க்குக்கே நூற்றுக்கணக்கானோர் முன்னே பின்னே நகர்வார்கள்.

போன வருட கட் ஆஃபைப் பார்த்து "180-க்கு இந்த காலேஜ் கிடைச்சிடும்" என்று சொல்லாதீர்கள். போன வருடத்து 180 வேறு, இந்த வருடத்து 180 வேறு. வினாத்தாள் எளிதாக இருந்தால் எல்லோருக்குமே மார்க் ஏறியிருக்கும். ஒப்பிட வேண்டியது ரேங்கை, அதுவும் பி.சி., எம்.பி.சி. என்று உங்கள் சொந்தப் பிரிவின் ரேங்கை. அந்தக் கல்லூரியில் அந்தப் பாடம் போன வருடம் உங்கள் பிரிவில் எந்த ரேங்கோடு முடிந்தது என்று பாருங்கள், இரண்டு மூன்று வருடத்துக்குப் பாருங்கள்.

வரிசையில் செய்யும் தவறுதான் பெரிய தவறு. கிடைக்க வாய்ப்பிருப்பதை மேலே போடுவது, ஆசைப்பட்டதை "எப்படியும் கிடைக்காது" என்று கீழே தள்ளுவது. கணினி உங்கள் ரேங்க் வரும்போது பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, காலியாக இருக்கிற முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். மேலே இருப்பது கிடைக்காவிட்டால் கீழே இருப்பதற்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆகவே மனசு விரும்புகிற வரிசைதான் சரியான வரிசை. எத்தனை வேண்டுமானாலும் போடலாம் என்றிருக்கும்போது பத்தோடு நிறுத்திக்கொள்வானேன்? நடு ரேங்குக்கு நாற்பது ஐம்பது தேர்வுகளாவது வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதே நேரம், கிடைத்தால் சேரமாட்டோம் என்பதை எண்ணிக்கைக்காகப் போடக் கூடாது. பெயரைப் பார்த்துப் போடாமல் குறியீட்டு எண்ணைச் சரிபாருங்கள். ஒரே சாமி பெயரில் நான்கு காலேஜ் இருக்கிற ஊர் இது.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் திரையில் சில தேர்வுகள் வரும். ஏற்றுக்கொண்டு சேர்கிறேன், ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருக்கிறேன், மறுத்துவிட்டு மேலே உள்ளதற்குக் காத்திருக்கிறேன், அடுத்த சுற்றுக்குப் போகிறேன், விலகுகிறேன். இரண்டே நாள்தான். பேசாமல் விட்டால் அந்த இடம் போய்விடும். இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும்: மேலே உள்ள ஒன்று கிடைத்துவிட்டால் பழைய இடம் அந்த நிமிடமே வேறொருவருக்குப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. மாமா சொன்னார் என்று பட்டியலில் மேலே செருகிய காலேஜ் இந்த இடத்தில்தான் வந்து கழுத்தைப் பிடிக்கும். மூன்றாவது இன்னும் ஆபத்து; கையில் இருப்பதை விட்டுவிட்டுத் தாவுவது அது.

கோர்ஸ் விஷயத்தில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. எந்த காலேஜாக இருந்தாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிற பிடிவாதத்தை விடலாம். ஆசிரியர் நிலைக்காத காலேஜில் செயற்கை நுண்ணறிவு என்று பெயர்ப்பலகை மாட்டிய வகுப்பைவிட, ஒழுங்காக நடக்கிற காலேஜில் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ்) மேல். தரத்தைப் பார்த்துத் தருகிற அங்கீகாரத்தில் என்.பி.ஏ. பாடப்பிரிவுக்குத் தருவது, நாக் (NAAC) கல்லூரிக்குத் தருவது. விளம்பரத்தில் இரண்டையும் குழைத்து எழுதுவார்கள். அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர்வாரியாகக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். தேர்வைத் தாங்களே நடத்திக்கொள்கிற தன்னாட்சிக் கல்லூரிகளுக்குத் தனியாக விசாரிக்க வேண்டும். ஒரு சாதாரண வேலை நாளில் பிள்ளையோடு போய் வாருங்கள். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நிற்கும் இரண்டாம் வருடப் பிள்ளைகளிடம் உங்கள் மகனோ மகளோ தானே கேட்கட்டும், இந்த வருடம் எத்தனை வாத்தியார் மாறினார்கள் என்று. நீங்கள் டீ குடியுங்கள்.

மாற்று ஏற்பாடு ஒன்று கையில் இருந்தால் பிள்ளை இரவில் தூங்கும். அரசு கலை அறிவியல் கல்லூரிக்கான இணைய விண்ணப்பம் 50 ரூபாய்க்குள் முடிகிறது, இரண்டும் போட்டு வைப்பதில் தப்பில்லை. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால் மனநல ஆலோசனைக்கு 104-க்கோ 14416-க்கோ போன் போடலாம். ரெண்டுமே இலவசம்.

சேர்ந்தபிறகு ஒன்று மட்டும். பள்ளியில் 35 எடுத்தால் பாஸ். அண்ணா பல்கலைக்கழகத்தில் 50 வேண்டும், வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும். பள்ளியில் 90 எடுத்த பிள்ளையும் முதல் செமஸ்டர் கணிதத்தில் அரியர் வைக்கிறது. அது அடுத்த செமஸ்டரில் எழுதித் தீர்க்கிற விஷயம். ஆனால் அதற்குத் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டும், கட்டக் கடைசி நாள் உண்டு. வீட்டில் கேட்கப் பயந்துகொண்டு அந்த நாளைத் தவறவிட்டு அரியரை நாலாகப் பெருக்கிக்கொண்ட பிள்ளைகள் எல்லா காலேஜிலும் உண்டு. அரியர் விழுந்தால் எவ்வளவு கட்டணம், யாரிடம் வாங்கிக்கொள்ளலாம் என்பதை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வருகிற அன்றே, பெட்டியை இறக்கி வைக்கும்போதே, சாதாரணமாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.