வீணாகக் கடலில் கலக்கும் நீர்

மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டு உபரிநீர் திறக்கப்படும் ஒவ்வோர் ஆண்டும், தொலைக்காட்சித் திரையின் அடியில் ஒரு வரி ஓடத் தொடங்கிவிடும்: 'கொள்ளிடம் வழியாக வீணாகக் கடலில் கலக்கும் காவிரி நீர்'. கொள்ளிடம் என்பது திருச்சிக்கருகே காவிரியிலிருந்து பிரிந்து கடலுக்குப் போகும் கிளையாறு. மறுநாள் அதே வரி முகநூலுக்கு வந்து சேரும். எந்த ஆட்சி எத்தனை தடுப்பணை கட்டியது என்ற வழக்கு பின்னூட்டங்களில் நள்ளிரவு வரை நடக்கும். அந்த வழக்கில் நான் எந்தப் பக்கமும் இல்லை. எனக்கு உறுத்துவது அந்த வரியின் ஒரே ஒரு சொல். 'வீணாக' என்று சொல்லும்போது, நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தங்குகிறது, எதற்காகப் போகிறது என்பது பற்றிப் பள்ளி நாட்களிலிருந்து நாம் சுமந்துவரும் பல பிழையான எண்ணங்களையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

நீர்ச் சுழற்சி என்று பாடநூலில் ஒரு படம் இருக்கும். கடல், கடலுக்கு மேலே சூரியன், ஆவி, மேகம், மலை, மழை, ஆறு, மறுபடியும் கடல். அம்புக்குறிகள் எல்லாம் ஒரே பருமனில் இருக்கும். அந்தப் படம் பொய் சொல்லவில்லை; ஆனால் அளவையும் காலத்தையும் அது விட்டுவிட்டது. கடலிலிருந்து ஆவியாகும் நீரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு கடலிலேயே மழையாக விழுந்துவிடுகிறது. காற்றோடு நிலத்துக்கு வந்து சேருவது மிச்சமுள்ள பத்தில் ஒரு பங்குதான். காற்றில் ஆவியாக இருக்கும் நீர் சராசரியாக ஒன்பது, பத்து நாட்களில் மழையாகிவிடும். ஆழத்துப் பாறை இடுக்கில் சேர்ந்த நீரோ நூற்றாண்டுகளாக, சில இடங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கேயே கிடக்கும். 'பூமியில் நீரின் அளவு மாறுவதே இல்லை, பிறகு எப்படித் தட்டுப்பாடு வரும்?' என்று கேட்பவர் தவறாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இன்று நாம் இறைப்பது சுழன்று திரும்பி வரும்வரை நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளும் இருக்க மாட்டார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 'ஆறு கடலில் கலக்காவிட்டால் மழையே பெய்யாது' என்று ஒரு செய்தி வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. என் வாதத்துக்குச் சாதகமானது என்பதற்காக அதை நான் ஏற்க முடியாது. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி போன்ற பேராறுகள் கொட்டும் நன்னீர் வங்கக் கடலின் மேற்பரப்பை உப்புக் குறைந்த, வெதுவெதுப்பான படலமாக வைத்திருப்பதும், அதற்கும் பருவமழைக்கும் தொடர்பு இருப்பதும் உண்மை. காவிரிக்கு அந்த அளவு கிடையாது. காவிரி கடலைத் தொடாமலே போனாலும் மேகம் திரளும், மழை பெய்யும். கேடு வருவது வானத்தில் அல்ல, ஆற்றின் வாயில்.

என் அத்தையின் ஊர் கொள்ளிடக் கழிமுகத்துக்குச் சற்று மேற்கே இருக்கிறது. வாசலில் ஓர் அடிபம்பு. நான் சிறுவனாக இருந்தபோது அந்தத் தண்ணீரைத்தான் எல்லாரும் குடித்தோம். இப்போது அதில் பருப்பு வேகாது. தேநீருக்குப் பாலை ஊற்றினால் திரிந்துபோகும். பம்பின் கைப்பிடியில் துரு செதில் செதிலாக உரிகிறது, தண்ணீர் விழும் சிமெண்டுத் தளத்தில் வெள்ளைப் பூப்பு படிந்திருக்கிறது. 'என்ன அத்தை, இப்படி உப்புக் கரிக்குது?' என்று கேட்டதற்கு, 'ஆத்துல தண்ணி வந்தா கொஞ்சம் அடங்கும்பா, வராட்டி இப்படித்தான்' என்றார். ஆற்றுக்கும் அடிபம்புக்கும் இடையே கால் கிலோமீட்டர் தூரம் இருக்கும். நீர்வளத்தைப் பற்றி நான் பிற்பாடு படித்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரையாகவே எனக்குப் படுகிறது.

கடலோரத்தில் மண்ணுக்கடியில் உவர்நீரின் மேல் நன்னீர் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்நீர் கனமானது, நன்னீர் லேசானது. இந்தக் கனவேறுபாட்டை வைத்துப் போட்ட பழைய கணக்கு ஒன்று உண்டு: நன்னீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை உவர்நீரைத் தள்ளி வைத்திருக்கும். இதைத் தலைகீழாகப் படித்தால்தான் அச்சம் புரியும். மேலே 1 அடி இறங்கினால் அடியிலிருந்து 40 அடி உப்பு ஏறி வரும். நிலத்துக்கு நிலம் இது மாறுபடும், உடனே நடந்துவிடுவதும் இல்லை, போக்கு இதுதான். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம், பல பத்தாண்டுகள் அளவின்றி இறைத்ததில் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. ஆற்றின் வாய்க்கு வந்து சேரும் நன்னீர் அந்த உப்பை வெளியே தள்ளி நிறுத்தும் வேலையைச் செய்கிறது. கடலை அடையும் முன்பே அது தன் வேலையை முடித்துவிடுகிறது என்பதால்தான் நம் கண்ணுக்கு அது சும்மா ஓடுவதாகத் தெரிகிறது.

'அப்படியானாலும் இவ்வளவு வெள்ளத்தையா விடுவது, தேக்க வேண்டாமா?' என்ற கேள்வி நியாயமானது. இங்கே ஒரு கூட்டல் கழித்தல் போட்டுப் பார்க்க வேண்டும். ஓர் ஆற்றில் நொடிக்கு 1 லட்சம் கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் அது 8.64 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). கொள்ளிடத்தில் 2 லட்சம் கன அடி போகும் நாளில் 17 டி.எம்.சி.க்கு மேல் கடந்துபோகிறது. வீராணம் ஏரியின் முழுக் கொள்ளளவு 1.465 டி.எம்.சி, அந்த வெள்ளத்தில் அது இரண்டு மணி நேரத்து நீர். ஆதனூருக்கும் குமாரமங்கலத்துக்கும் இடையே கொள்ளிடத்தின் குறுக்கே கட்டப்பட்ட கதவணையில், அதாவது திறந்து மூடும் கதவுகள் கொண்ட தடுப்பணையில், தேங்குவது ஒரு டி.எம்.சி.யில் மூன்றில் ஒரு பங்கு. அது அரைமணி நேரத்து நீர். மேட்டூரைப் போல இன்னோர் அணையை, அதாவது 93.47 டி.எம்.சி.யை, சமதளமான டெல்டாவில் எங்கே கொண்டுபோய் வைப்பது? அகலமான ஆழமற்ற ஏரியாகத் தேக்கினால் ஊர்கள் மூழ்கும். நம் வெயிலில் ஆண்டுக்கு ஒன்றரை மீட்டருக்குக் குறையாத நீர்ப்படலத்தை ஆவியாகவும் கொடுத்தாக வேண்டும். ஆவியாவதை 'வீண்' என்று எந்தத் தொலைக்காட்சியும் சொல்லிக் கேட்டதில்லை, அது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது என்பதாலோ என்னவோ.

அந்தக் கதவணையை நான் குறை சொல்லவில்லை. அது உப்பு ஏறுவதைத் தடுக்கும், பக்கத்துக் கிணறுகளுக்கு நீர் ஊறச் செய்யும், நல்ல காரியம். ஆனால் அது வெள்ளத்தைப் 'பிடித்து வைக்கும்' என்று எதிர்பார்ப்பது, தெருவில் ஓடும் மழைநீரைச் செம்பில் ஏந்தும் கதை. கொள்ளிடத்தின் இயல்பே வெள்ளத்தைச் சுமந்துபோவதுதான். கல்லணையில் பாசனத்துக்கு வேண்டியதைக் காவிரியிலும் வெண்ணாற்றிலும் கல்லணைக் கால்வாயிலும் திருப்பிவிட்டு, மிஞ்சியதைக் கொள்ளிடத்தில் தள்ளிவிடாமல் இருந்தால் தஞ்சைத் தரணி ஆண்டுதோறும் நீருக்கடியில் கிடந்திருக்கும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் மதகுகளை அடித்துக்கொண்டு போனதும் அதே வெள்ளந்தான்.

கடைமடை உழவரின் கோபம் வேறு. கொள்ளிடத்தில் கரை புரளும் அதே வாரத்தில் அவருடைய வாய்க்காலில் கணுக்கால் அளவுத் தண்ணீர்கூட வருவதில்லை. அவர் 'வீணாகப் போகிறதே' என்று சொன்னால் அதில் நூற்றுக்கு நூறு நியாயம் இருக்கிறது. ஆனால் அவருடைய குறை, நீரைக் கடல் குடித்துவிட்டது என்பதல்ல. வாய்க்கால் தூர்ந்துபோயிருக்கிறது, மதகு பழுதாகியிருக்கிறது, தூர்வாரும் பணி தண்ணீர் வந்த பிறகும் முடியவில்லை என்பது. இந்தக் குறையைக் கொண்டுபோய்க் கடல்மேல் போடுவதால் பதில் சொல்ல வேண்டியவர்களுக்குத்தான் வசதி.

இன்னொரு பிழை, ஆற்றுநீரும் நிலத்தடி நீரும் வெவ்வேறு கணக்கு என்று நினைப்பது. காவிரி, கொள்ளிடம் ஆகியவற்றின் படுகை மணல் ஒரு மாபெரும் தொட்டி. வெள்ளம் மேலே ஓடும்போதே அடியில் அந்தத் தொட்டி நிரம்புகிறது. திருச்சிக்கருகே காவிரிப் படுகையில் எடுக்கும் நீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் இராமநாதபுரம் வரை போகிறது. கொள்ளிடத்து நீர் வேதாரண்யம் வரை போகிறது. 'வீணாகப் போன' வெள்ளத்தின் ஒரு பகுதி கோடையில் இராமநாதபுரத்துக் குடத்தில் விழுகிறது. அந்த மணலை லாரி லாரியாக அள்ளியபோது தொட்டியையே அள்ளினோம். அதற்கு 'வீண்' என்ற சொல்லை நாம் எடுத்துவைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் காவிரித் தீர்ப்பு வழங்கியபோது, தமிழ்நாட்டுப் படுகையில் உள்ள நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் எடுத்துக்கொண்டு நம் பங்கைக் குறைத்தது. அந்தக் குறைப்பு சரியா என்பது தனி விவாதம். இரண்டும் ஒரே நீர் என்பதை நாம் மறந்தாலும் வழக்கு மறக்காது.

அதே காவிரி வழக்கில் 2007இல் வந்த நடுவர் மன்ற இறுதித் தீர்ப்பு மொத்தம் 740 டி.எம்.சி.யைப் பங்கிட்டது. தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம், புதுச்சேரி என்ற நான்கு பங்காளிகளுக்கும் போக, சுற்றுச்சூழலுக்கென்று 10 டி.எம்.சி.யும், தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதென்று 4 டி.எம்.சி.யும் ஒதுக்கப்பட்டன. ஆற்றுக்கும் கடலுக்கும் சேர்த்து நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை; அதிலும் கடலுக்கானது பங்காக அல்ல, கைநழுவிப் போவதாகவே எழுதப்பட்டிருக்கிறது. வெள்ளம் வராத ஆண்டுகளில் முகத்துவாரத்துக்கு வருவது என்ன என்று பார்த்தால் 'வீண்' என்ற சொல்லின் கனம் தெரியும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் பிச்சாவரத்து அலையாத்திக் காடு உப்பும் நன்னீரும் கலந்த நீரில் வாழ்வது, வெறும் உப்பில் அல்ல. இறால் குஞ்சுகள் வளரும் கழிமுகமும் அப்படியே. கரையை அலை அரிக்கும்போது அதை ஈடுசெய்ய வேண்டிய வண்டல் இப்போது மேலே அணைகளின் அடியில் படிந்து கிடக்கிறது. வெள்ளத்தோடு வரும் கொஞ்சமும் இல்லாவிட்டால் கரைக்கு ஏதும் மிஞ்சாது.

கொள்ளிடத்தில் வெள்ளம் வாரக்கணக்கில் ஓடிய ஓர் ஆண்டு, ஐப்பசியில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அடிபம்பிலிருந்து ஒரு செம்பு பிடித்து நீட்டி, 'குடிச்சுப் பாரு' என்றார். உப்பு முழுவதும் போய்விடவில்லை. நாக்கின் ஓரத்தில் லேசாக நின்றது. ஆனால் அன்று அதே தண்ணீரில்தான் தேநீர் போட்டார், பால் திரியவில்லை. மாசி பிறந்ததும் மறுபடியும் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார்.