கண்ணாடியைக் கீறினால் மட்டும் வைரமாகிவிடாது
ஒரு கல்லால் கீறும்போது கண்ணாடியில் கீறல் விழுந்தால் அந்தக் கல் அசல் வைரம்தான் என்று இங்கே வந்த கட்டுரையில் சொல்லியிருப்பதை ஏற்க முடியவில்லை. மோஸ் அளவுகோலில் கண்ணாடியின் கடினத்தன்மை ஏறத்தாழ 5.5 மட்டுமே என்பதால், 7 அளவுள்ள ஸ்படிகமே அதைக் கீறிவிடும், வைரம் போலவே தோன்றும், 9.25 அளவுள்ள மொய்சனைட் என்ற கல்லைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இன்னொரு வாசகர் பரிந்துரைத்திருக்கும், வெப்பக் கடத்தலை மட்டும் அளக்கும் பேனா போன்ற கருவியும் மொய்சனைட்டிடம் பெரும்பாலும் ஏமாந்துபோகும். என் அக்காவின் மோதிரக் கல்லை மதிப்பிடக் கொடுத்தபோது, மதிப்பீட்டாளர் அதைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸின் கீழ் சற்றுச் சாய்த்துக் காட்டினார். அடிப்பக்கப் பட்டைகளின் விளிம்புகள் இரட்டைக் கோடுகளாகத் தெரிந்தன. ஒளியை இரண்டாகப் பிரிக்கும் மொய்சனைட்டில்தான் அப்படித் தெரியும், ஒளியை அப்படிப் பிரிக்காத வைரத்தில் தெரியாது. ஆய்வகத்தில் வளர்த்த வைரமோ இச்சோதனைகள் அனைத்திலும் தேறிவிடும் என்பதால், அதை இயற்கை வைரத்திலிருந்து பிரித்தறிய ஆய்வுக்கூட நிறமாலைச் சோதனைதான் வேண்டும். கீறிப் பார்ப்பதில் விளிம்பு சில்லாகப் பெயரும் அபாயம் வேறு இருக்கிறது.