குப்பையை எரித்து எடுக்கும் கரண்ட் அல்ல

மேலே ஒரு அண்ணன், “பெர்ஜுந்தை பக்கம் புக்கிட் தாகாரில் குப்பையை எரித்துத்தான் கரண்ட் எடுக்கிறார்கள், தோட்டத்தில் அடிக்கிற நாற்றம் அந்தப் புகைதான்” என்று எழுதியிருக்கிறார். இதைப் பலர் பகிர்ந்தும் விட்டார்கள். இரண்டுமே தவறு அண்ணே.

குப்பையைக் கொளுத்துகிற உலை வேறு, சிலாங்கூரில் இருக்கிற இந்தப் புக்கிட் தாகார் குப்பைமேடு வேறு. மண்போட்டு மூடிய குப்பைக்குள் காற்று புகாது. சோறு, காய்கறித் தோல், காகிதம் எல்லாம் அங்கே அழுகும்போது வாயு உண்டாகும். அதில் ஏறக்குறைய பாதி மீத்தேன். மேட்டில் துளையிட்டு, ஓட்டை போட்ட குழாய்களை இறக்கி, அந்த வாயுவை உறிஞ்சுகிறார்கள். அதிலுள்ள நீரையும் கந்தகத்தையும் பிரித்துவிட்டு இயந்திரத்துக்கு அனுப்புகிறார்கள். எரிவது வாயு மட்டும்தான்.

நாற்றத்துக்கு வருவோம். மீத்தேனுக்கு வாசமே கிடையாது. அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடு என்ற கந்தக வாயுவுடையது. புதிதாகக் கொட்டிய குப்பையும், லாரியிலிருந்து ரோட்டில் ஒழுகும் கறுப்புத் தண்ணீரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். குழாய் போட்டு உறிஞ்சினால் வாடை குறையத்தான் செய்யும், முழுசாகப் போகாது.

“எரித்தாலும் கரியமில வாயுதானே” என்று இன்னொருவர் கேட்டிருந்தார். ஆமாம். ஆனால் அப்படியே விட்டால் வெளியேறுவது மீத்தேன். நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட சுமார் 28 மடங்கு சூடேற்றும்.

இது நேற்று வந்த வித்தையும் இல்லை, பூச்சோங் ஆயர் ஹீத்தாம் குப்பைமேட்டில் 2004இலேயே இப்படி 2 மெகாவாட் கரண்ட் எடுத்தார்கள். லாரி ஒழுகல் பற்றிப் புகார் எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.