அந்த நடவுப் படத்தைப் பற்றி

எந்தப் படம், எந்தப் பக்கம் என்று திரும்பச் சொல்லப் போவதில்லை. எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். குனிந்து நடவு நட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவைப் பின்னாலிருந்து எடுத்து, சேறு படிந்த பெண்களைப் பார்த்துக் கிளர்ச்சியடைகிறவர்களுக்காகவே நடத்தும் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். அவரை யாரும் கேட்கவில்லை. நான் சொல்வது இது ஒன்றுதான்.

"அடுத்தவர் ஆசையில் உனக்கென்ன வேலை, கலாச்சாரக் காவலா?" என்கிறார்கள். சேறு, கேக், பெயின்ட் என்று மேலெல்லாம் பூசிக்கொள்வதில் ஈர்ப்புள்ளவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். இங்கிலாந்தில் 1989இலேயே அதற்கென்று தனிப் பத்திரிகை வந்தது. வயதுவந்தவர்கள் தெரிந்தே, சம்மதித்துப் படம் எடுத்துக்கொண்டால் அது அவர்கள் பாடு. அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. இந்த அம்மா கூலிக்கு நட வந்தவர். அவரை யாரும் கேட்கவில்லை.

"வயல் திறந்தவெளிதானே, சட்டப்படி என்ன தப்பு?" சரி, பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவு, பெண் தனிமையில் இருப்பதைப் படமெடுப்பதைத்தான் சொல்கிறது. ஆனால் ஒரு பெண்ணைப் பற்றி ஆபாசமாகப் பேசுவது 75ஆவது பிரிவில் பாலியல் துன்புறுத்தல். அந்தப் படத்துக்குக் கீழே எழுதியிருப்பதை உங்கள் வீட்டில் சத்தமாகப் படித்துக்காட்ட முடியுமா?

என் அம்மா குறுவை நடவுக்குப் போவார். புடவையை வரிந்து கட்டி, மேலே அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை. வெயிலுக்காக என்றுதான் நினைத்திருந்தேன். கல்லூரி விடுமுறையில் கூடப் போனபோது பார்த்தேன். வரப்பில் ஒரு ஆள் வந்து நின்றதும் பெண்கள் பேச்சு நின்றது. சேற்றுக் கையாலேயே ஒவ்வொருவராகக் கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டார்கள். ராத்திரி கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணுக்கு மருதாணி அரைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் அம்மா. எரிச்சலில் தூக்கம் வராது. அந்தக் காலை எவனாவது படமெடுத்தானா? சோறு மட்டும் எல்லோருக்கும் வேண்டும்.

"எங்களைப் போன்றவர்கள் ரசித்தால்தான் என்ன" என்று நேற்று உள்பெட்டியில் எழுதிய நண்பருக்குப் பதில் எழுதவில்லை. நட்பிலிருந்து நீக்கிவிட்டேன். சிரிப்புப் பொம்மை போட்ட உறவுக்காரர்களும் இருக்கிறீர்கள், பெயர் தெரியும்.

கண்டிப்பதற்காகக்கூட அந்தப் படத்தைப் பகிராதீர்கள். பக்கத்தை ரிப்போர்ட் செய்யுங்கள், போதும். அவர் முகம் ஒரு பக்கம் தெரிகிறது. அவர் வீட்டிலும் யார் கையிலாவது போன் இருக்கும்.