பிட்ரேட்டை உச்சத்தில் வைத்தால் டிவிடி தரம் கூடுமா?

"வீடியோ பிட்ரேட்டை 9.8 மெகாபிட்டில் வை, ஆடியோவை பிசிஎம்மில் விடு, தரம் அள்ளும்" என்று ஒரு யோசனை சுற்றுகிறது (பிட்ரேட் என்பது நொடிக்கு எவ்வளவு தரவு என்ற அளவு; பிசிஎம் என்பது சுருக்காத ஒலி). தவறு. 9.8 என்பது வீடியோவுக்கான உச்சவரம்பு, சரிதான். ஆனால் வீடியோ, ஆடியோ, சப்டைட்டில் எல்லாம் சேர்த்தே நொடிக்கு 10.08 மெகாபிட்டைத் தாண்டக் கூடாது. ஸ்டீரியோ பிசிஎம் மட்டுமே 1.5 மெகாபிட்டை விழுங்கிவிடும். கூட்டிப் பாருங்கள், 11.3! ஒலியைச் சுருக்கி வைக்கும் டால்பி டிஜிட்டல் ஸ்டீரியோவுக்கு 192 முதல் 256 கிலோபிட் போதும்.

அப்புறம் இடக்கணக்கு. 4.7 ஜிபி வட்டில் உச்ச வேகத்தில் ஒரு மணி நேரம்தான் அடங்கும். இரண்டு மணி நேரக் கல்யாண வீடியோ என்றால், மொத்தமே சராசரி 5 மெகாபிட்தான். அங்கே கைகொடுப்பது, வீடியோவை இருமுறை அலசி, காட்சிக்கேற்ப பிட்ரேட்டைக் கூட்டிக் குறைக்கும் விபிஆர். வீட்டில் எழுதிய வட்டு என்றால் உச்சத்தையும் 8 மெகாபிட் அளவில் நிறுத்துவேன்; பழைய பிளேயர்கள் அதற்கு மேல் திக்கும்.