கெஜட் மட்டும் போதாது

"கெஜட் இணையத்திலேயே வருகிறது, இனி இறந்தவரின் சொத்து அறிவிப்பைப் பத்திரிகையில் போடத் தேவையில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். தென்னாப்பிரிக்காவில் அது சரியில்லை. 1965ஆம் ஆண்டின் எஸ்டேட் (இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து) நிர்வாகச் சட்டம், 29ஆம் பிரிவு, இரண்டையும் கேட்கிறது: கெஜட், கூடவே இறந்தவர் வசித்த வட்டாரத்தில் ஓடும் பத்திரிகை. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதிக்காரர் என்றால் டர்பனில் ஓடும் தாள். கேப்டவுன் தாள் செல்லாது. கடன் கொடுத்தவர்கள் தங்கள் கோரிக்கையைக் கொடுக்கக் குறைந்தது 30 நாள், அதிகம் போனால் 3 மாதம் அவகாசம். அப்புறம், சொத்துக் கணக்கைப் பார்வைக்கு வைக்கும்போதும் இரண்டிலும் அறிவிக்க வேண்டும். விளம்பரச் செலவு எரிச்சல்தான், மறுக்கவில்லை.

2,50,000 ராண்டைத் தாண்டாத சொத்துக்கு மாஸ்டர் அலுவலகம் (உயர் நீதிமன்றத்தில் இந்தச் சொத்துகளைக் கவனிக்கும் அலுவலகம்) எக்ஸிகியூட்டர், அதாவது சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளர், இல்லாமலே அதிகாரக் கடிதம் தரலாம். அங்கே பொதுவாக விளம்பரம் கேட்பதில்லை. உங்களுக்குச் சொன்னவர் அதைத்தான் குழப்பிக்கொண்டார் போல.